நோயறிதலில் கணிதம்: கிந்தீயின் விகிதமும் ராஸீயின் எண்ணிக்கையும்

இஸ்லாமிய நாகரிகத்தின் அறிவியல் கொடைகளைப் பற்றி நம்மவர் பேசும் மேடைகளிலெல்லாம் யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல்கிந்தீயின் பெயர் தவறாது ஒலிக்கும். மருத்துவத்தில் கணிதத்தைப் புகுத்திய முதல்வர் அவரே என்றும், கணினி இன்று நோயை அறிந்து சொல்லும் விந்தைக்கு வித்திட்டவர் அவரே என்றும் கூறப்படும். கூட்டம் மகிழும், பேச்சு அடுத்த பெயருக்குத் தாவும். கிந்தீ போட்ட கணக்கு யாது, பின்வந்த முஸ்லிம் மருத்துவர்கள் அதனை ஏற்றனரா என்னும் வினாக்கள் எழுவதில்லை. அக்கணக்கை மிகக் கடுமையாக மறுத்தவரும் ஒரு முஸ்லிம் அறிஞரே. குர்துபாவின் காழியாகவும் மருத்துவராகவும் விளங்கிய இப்னு ருஷ்துதான் அவர். அந்த மறுப்பையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் இவ்வரலாறு நமக்குப் பயன்படுகிறது.

கிந்தீயின் கணக்கை விளங்கிக்கொள்ள அக்கால மருத்துவத்தின் அடிப்படையைச் சிறிது நினைவுகூர வேண்டும். ஜாலீனூஸ் வகுத்து, அரபு மருத்துவர்கள் வளர்த்து, இன்று யூனானி என்னும் பெயரில் நம்மிடையே வாழும் அம்மருத்துவத்தில் வெம்மை, தண்மை, ஈரம், வறட்சி என்னும் நான்கு தன்மைகளின் கலப்பே உடலின் மிஸாஜ். அக்கலப்பு நடுநிலையிலிருந்து விலகுவதே நோய். ஆகவே நோயறிதல் என்பது எத்திசையில் விலகியுள்ளது, எவ்வளவு விலகியுள்ளது என்னும் இரண்டையும் அறிவதாகும். அதே அளவுக்கு எதிர்த்திசையில் இழுக்கும் மருந்தைத் தேர்வது சிகிச்சையாகும். திசையை மருத்துவர் நாடியாலும் நிறத்தாலும் சிறுநீராலும் கண்டுகொள்வார். ‘எவ்வளவு’ என்பதில்தான் இடர்ப்பாடு. ஜாலீனூஸ் மருந்துகளின் ஆற்றலை நான்கு தரஜாக்களாகப் பிரித்திருந்தார். முதல் தரஜாவின் வெம்மை புலனுக்கு அரிதாகவே தெரியும். இரண்டாவது தெளிவாகத் தெரியும். மூன்றாவது வன்மையாகத் தாக்கும். நான்காவது உடலை எரித்தழிக்கும். இது வரிசையேயன்றி அளவன்று. முதல் தரஜா மருந்தொன்றும் மூன்றாம் தரஜா மருந்தொன்றும் கலந்தால் கிடைப்பது எத்தனையாம் தரஜா என்று கேட்டால், வரிசையைக் கொண்டு விடை சொல்ல இயலாது.

இந்த வினாவைத்தான் கிந்தீ கையில் எடுத்தார். கூஃபாவின் ஆளுநராயிருந்தவரின் மகனாக கி.பி. 801 அளவில் பிறந்த அவர், கலீஃபாக்கள் மஃமூன், முஃதஸிம் ஆகியோரின் ஆதரவில் பக்தாதில் அறிவுப்பணி ஆற்றியவர். மெய்யியல், இசை, ஒளியியல், வானியல், கணிதம் எனப் பல துறைகளிலும் அவர் எழுதிய ரிஸாலாக்களுள் கூட்டு மருந்துகளின் ஆற்றல்களை அறிவது பற்றியது ஒன்று. அதில் அவர் முன்வைத்த கருத்து எளியது. ஆனால் அதற்கு முன் எவரும் நினையாதது. நடுநிலை மருந்தில் வெம்மையின் பாகமும் தண்மையின் பாகமும் சமம். முதல் தரஜா வெப்ப மருந்தில் வெம்மை தண்மையின் இருமடங்கு. இரண்டாவதில் நான்கு மடங்கு. மூன்றாவதில் எட்டு மடங்கு. நான்காவதில் பதினாறு மடங்கு. தரஜா ஒன்றொன்றாக ஏற, விகிதமோ இரட்டித்து இரட்டித்து ஏறுகிறது.

அந்நூல் தரும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்றைப் பார்ப்போம். ஏலம் 1 திர்ஹம், சர்க்கரை 2, அவுரி 1, நெல்லிக்காய் 2 என ஆறு திர்ஹம் எடையுள்ள கலவை அது. (நெல்லிக்கு அரபியில் அம்லஜ் என்று பெயர். இந்தியாவின் ஆமலகம் பாரசீகம் வழியே பக்தாதுக்குச் சென்ற பாதையை அச்சொல்லே காட்டிக்கொடுக்கிறது.) நான்கும் முதல் தரஜாவைச் சேர்ந்தவை. ஏலத்தில் வெம்மை 1, தண்மை அரை, ஈரம் அரை, வறட்சி 1. சர்க்கரையும் அதே இயல்பினது. எடை இரட்டிப்பாதலால் 2, 1, 1, 2. அவுரி குளிர்ச்சியானது, அதில் வெம்மை அரை, தண்மை 1, ஈரம் அரை, வறட்சி 1. நெல்லியும் அவ்வாறே, எடைக்கேற்ப 1, 2, 1, 2. கூட்டினால் வெம்மை நாலரை, தண்மை நாலரை, ஈரம் 3, வறட்சி 6. வெம்மையும் தண்மையும் சமமாகிவிட்டன. வறட்சி ஈரத்தின் இருமடங்கு. எனவே இக்கலவை வெப்பத்தில் நடுநிலையானது, வறட்சியில் முதல் தரஜாவைச் சேர்ந்தது. நாவில் வைத்துப் பார்க்காமலே, ஒரு நோயாளிக்கும் கொடுத்துப் பார்க்காமலே விடை வந்துவிட்டது.

வியப்பு இங்கே இருக்கிறது. ஐயமும் இங்கேதான் இருக்கிறது. வியப்பு என்னவெனில், புலனுக்குத் தெரியும் ஏற்றம் படிப்படியாகவும் அதற்குக் காரணமான பொருளின் ஏற்றம் மடங்கு மடங்காகவும் இருக்கும் என்னும் இதே வடிவத்தை, 1860 இல் ஜெர்மானிய அறிஞர் ஃபெக்னர் புலனுணர்வின் விதியாக வெளியிட்டார். ஓசையை நாம் டெசிபலில் அளப்பது இன்றும் அவ்வடிவத்திலேயே. கிந்தீயின் உள்ளுணர்வு வெற்றுக் கற்பனையன்று என்பதற்கு இது ஒரு சான்று. ஐயமோ, இரட்டிப்பு என்பதை அவர் எங்கிருந்து பெற்றார் என்பதாகும். சுண்டிப்பார்த்தோ கொடுத்துப்பார்த்தோ அவர் அதைப் பெறவில்லை. விகிதங்களுள் முதன்மையானது இரட்டிப்பு என்னும் கணித நெறியிலிருந்து பெற்றார். ஏலத்தின் வெம்மைக்கு ‘1’ என்று எழுதியவர் அதனை எவ்வாறு அளந்தார் என்று நூலைக் கேட்டால் அது பதில் தருவதில்லை. கூட்டல் பிழையற்றது. கூட்டப்பட்ட எண்கள்தாம் அளக்கப்படாதவை.

ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் கழித்து அந்தலுஸில் இப்னு ருஷ்து (1126-1198) தம் ‘குல்லிய்யாத்’ நூலில் இதைத்தான் பற்றிக்கொண்டார். கிந்தீ எண்கணிதத்தையும் இசையையும் மருத்துவத்துக்குள் கொணர்ந்து ஜாலீனூஸின் கருத்தையே திரித்துவிட்டார் என்பது அவரது குற்றச்சாட்டு. தரஜாக்களுக்கிடையே உள்ள இடைவெளி சமமானது; இரண்டாம் தரஜா முதலாவதன் இருமடங்கு, மூன்றாவது மும்மடங்கு என்று எளிய ஏற்றமாகவே கொள்ள வேண்டும் என்றார். அவர் தந்த மாற்றுக் கணக்கும் அளக்கப்படாததே என்பதைச் சொல்லத்தான் வேண்டும்; அவ்வகையில் இருவரும் ஒரே படகில் உள்ளவர்கள். ஆனால் கேள்வியின் கூர்மை இப்னு ருஷ்துடையது. ஓர் எண்ணை ஒரு கலையிலிருந்து எடுத்து இன்னொரு கலையில் வைக்கும்போது, அங்கே அதற்கு என்ன பொருள், எந்தப் புலனறிவு அதற்குச் சாட்சி என்று கேட்கும் உரிமை அக்கலையை அறிந்தவருக்கு உண்டு. ஃபிக்ஹின் முறையில் பயின்ற ஒரு காழி இக்கேள்வியைக் கேட்டது தற்செயலன்று என்பது நம் எண்ணம். சாட்சியின்றித் தொகை தீர்மானிக்கப்படுவதை அவர் மன்றத்தில் ஏற்றிருக்க மாட்டார் அல்லவா?

இவ்விவாதம் லத்தீன் மொழிவழி ஐரோப்பாவுக்குச் சென்றது. கிந்தீயின் ரிஸாலாவைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் துலைத்துலாவில் கிரேமோனாவின் ஜெரார்டு மொழிபெயர்த்ததாகக் கூறுவர். மோன்பெலியே நகரில் கற்பித்த வில்லனோவாவின் அர்னால்டு கிந்தீயின் பக்கம் நின்றார். ஜிரோலமோ கார்டானோ என்னும் இத்தாலிய மருத்துவர் பதினாறாம் நூற்றாண்டில் உலகின் பன்னிரு பேரறிஞர்களுள் ஒருவராகக் கிந்தீயை எண்ணினார். அந்தக் கார்டானோதான் பகடையாட்டத்தின் வாய்ப்புகளைக் கணக்கிட்டு ஒரு நூல் எழுதியவர். அந்நூல் அவர் காலத்துக்குப் பின் 1663 இல்தான் அச்சேறியது. நோயறிதலுக்கு உண்மையில் உதவவிருந்த கணிதம் அந்தப் பகடையின் பக்கத்தில் கிடந்தது. மருந்துத் தராசின் பக்கத்தில் இல்லை.

இதைவிட வியப்பான செய்தி கிந்தீயின் மற்றொரு நூலில் உள்ளது. மறைகுறியீட்டு எழுத்துகளைக் கண்டறிவது பற்றிய அவரது ரிஸாலா இஸ்தான்புல்லின் ஸுலைமானிய்யா நூலகத்துக் கையெழுத்துப் படியிலிருந்து மீட்கப்பட்டு 1987 இல் திமஷ்கில் அச்சிடப்பட்டது. மறைத்து எழுதப்பட்ட கடிதத்தைப் படிப்பதற்கு அவர் சொல்லும் வழி இது. முதலில் அதே மொழியில் நீண்டதொரு உரைநடையை எடுத்து எவ்வெழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணு. பிறகு மறைகடிதத்தில் எக்குறி மிகுதியாக வருகிறதோ அதனை மிகுதியான எழுத்துக்கு இணையாக்கு. தாம் எண்ணிய பகுதியில் அலிஃப் 600 முறையும் லாம் 437 முறையும் வந்தன என்று அவரே எழுதுகிறார். வெளியே தெரியும் குறியிலிருந்து உள்ளே மறைந்துள்ள காரணத்தை, முன்பு எண்ணி வைத்த எண்ணிக்கையின் துணைகொண்டு ஊகிப்பதுதான் இம்முறை. நோயறிதல் வேறு எது? அறிகுறியே குறி, நோயே மறைந்த எழுத்து. இக்கருவி அவர் கையிலேயே இருந்தது. ஆனால் மருந்தைப் பற்றி எழுதும்போது அவர் எண்ணவில்லை, விகிதம் வகுத்தார். மொழியில் எண்ணியவர் மருத்துவத்தில் ஏன் எண்ணவில்லை என்பதற்கு ஒரு காரணத்தை நாம் ஊகிக்கலாம். எழுத்துகள் ஏட்டில் அசையாமல் கிடப்பவை. எவரும் அமர்ந்து எண்ணலாம். நோயாளிகளை எண்ணுவதற்கு மருத்துவமனை வேண்டும், குறிப்பேடு வேண்டும், ஆண்டுகள் வேண்டும்.

இம்மூன்றும் வாய்த்தவர் அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ (865-925). ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராக இருந்தவர். அவர் மறைந்தபின் அவருடைய குறிப்புகளிலிருந்து தொகுக்கப்பட்டதே ‘அல்ஹாவீ’ என்னும் பெருநூல். அதில் ஸர்ஸாம் என்னும் மூளையுறை நோய் பற்றிய ஓரிடம் அறிஞர்களால் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. தலையிலும் கழுத்திலும் வலியும் மந்தமும் நாள் கணக்கில் நீடித்து, கண் ஒளியைக் கண்டு கூசி, உறக்கம் கெட்டு, சோர்வு மிகும்போது நோயாளி ஸர்ஸாமை நோக்கிச் செல்கிறார் என்று அறிகுறிகளைத் தொகுக்கிறார். பின்னர், அத்தகையோரில் ஒரு கூட்டத்தாருக்குக் குருதி வெளியேற்றியதாகவும், உண்மையை அறியும் பொருட்டே மற்றொரு கூட்டத்தாரை வேண்டுமென்று விட்டுவைத்ததாகவும், விடப்பட்டவர் அனைவரையும் அந்நோய் பற்றிக்கொண்டதாகவும் எழுதுகிறார். எத்தனை பேர் என்று அவர் சொல்லவில்லை. குருதி வெளியேற்றுதல் இந்நோய்க்கு மருந்தென்று இன்று எவரும் கூறார். விட்டுவைத்தது முறையா என்னும் அறக்கேள்வியும் எழத்தான் செய்யும். ஆயினும் இரு கூட்டத்தாரை ஒப்பிட்டால்தான் ஒரு சிகிச்சை பயனளித்ததா என்பது தெரியும் என்னும் தெளிவு, முடிவின் பிழையையும் தாண்டி நிற்கிறது.

ராஸீயின் அம்மை நூலிலும் இவ்வியல்பைக் காண்கிறோம். பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்துமிடத்தில், முதுகுவலி பெரியம்மையில் மிகுதி, குமட்டலும் மனக்கலக்கமும் தட்டம்மையில் மிகுதி என்கிறார். ‘இதில் உண்டு, அதில் இல்லை’ என்று வெட்டிப் பேசாமல் ‘இதில் மிகுதி, அதில் குறைவு’ என்பது பல்லாயிரம் படுக்கைகளைச் சுற்றிவந்தவரின் பேச்சு. அம்மிகுதி எத்தனை என்று எண்ணாக எழுதும் வழக்கம் அன்று இல்லை. அதற்காக உலகம் நெடுங்காலம் காத்திருந்தது. பாரிஸில் பியேர் லூயி என்னும் மருத்துவர் நுரையீரல் அழற்சியுற்ற 77 பேரின் குறிப்புகளை எண்ணிப் பார்த்து, குருதி வெளியேற்றுதலில் எல்லோரும் நம்பிய பயன் இல்லை என்று 1835 இல் நூல் எழுதினார்.

எண்ணிக்கை கிடைத்தாலும் இன்னொரு படி எஞ்சியிருந்தது. ராஸீயின் எண்ணிக்கை நோயிலிருந்து அறிகுறிக்குச் செல்வது: பெரியம்மை உள்ளவர்களில் எத்தனை பேருக்கு முதுகுவலி? மருத்துவர் முன் நிற்பதோ தலைகீழான வினா: முதுகுவலி உள்ள இவருக்குப் பெரியம்மை இருக்க எவ்வளவு வாய்ப்பு? இரண்டும் ஒன்றென மயங்குவது மனித இயல்பு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் கணக்கை தாமஸ் பேய்ஸ் என்னும் ஆங்கிலக் கிறித்தவப் போதகர் எழுதி வைத்திருந்தார். அவர் மறைந்து இரண்டாண்டுகள் கழித்து 1763 இல் அது வெளிவந்தது. அதன் சாரம் இது: அறிகுறியின் வலிமை மட்டும் போதாது; அறிகுறியைப் பார்ப்பதற்கு முன்பே அந்நோய் அவ்வூரில் எவ்வளவு பரவலாக உள்ளது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இது கற்றவரையும் வழுக்கி விழச்செய்யும் இடம். 1978 இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனைகளில் மருத்துவர்களும் மாணவர்களுமாக 60 பேரிடம் ஒரு கணக்குக் கேட்கப்பட்டது. ஆயிரத்தில் ஒருவருக்கு உள்ள நோய். நோயற்றவரில் நூற்றுக்கு 5 பேருக்கு அதன் சோதனை தவறாக ‘உண்டு’ எனக் காட்டும். ஒருவருக்கு ‘உண்டு’ என வந்தால் அவருக்கு உண்மையில் நோயிருக்க வாய்ப்பு என்ன? நூற்றுக்கு 95 என்றனர் 27 பேர். விடையோ நூற்றுக்கு 2 அளவே. ஆயிரம் பேரைச் சோதித்தால் உண்மையான நோயாளி ஒருவர். தவறாகக் காட்டப்படுவோர் ஏறத்தாழ 50 பேர். எனவே 51 பேரில் ஒருவர்தான் நோயாளி. சரியாகச் சொன்னவர்கள் 11 பேர்.

உஸூலுல் ஃபிக்ஹ் பயின்ற நம் வாசகர்களுக்கு இக்கணக்கின் உள்ளுறை அந்நியமாகத் தோன்றாது. அறிவின் நிலைகளை யகீன், ளன்னு, ஷக்கு, வஹ்மு என நம் இமாம்கள் வகுத்தபோது, ஷக்கு என்பது இருபுறமும் சமமாக நிற்பது, ளன்னு என்பது ஒருபுறம் கனத்திருப்பது, அதன் எதிர்ப்புறம் வஹ்மு என்றனர். தராசின் உருவகம் அங்கே ஏற்கெனவே உள்ளது. அஸ்ல் எனப்படும் முந்தைய நிலையை, புதிய சான்று வரும்வரை நிலைநிறுத்தும் இஸ்திஸ்ஹாப் என்னும் விதியும் உள்ளது. இவற்றைப் பேய்ஸின் கணக்கு என்று நாம் கூறமாட்டோம். அவ்வாறு கூறுவது, கிந்தீயைக் கணினியின் தந்தையாக்கும் மேடைப் பேச்சின் மறுபதிப்பேயாகும். உண்மையில் நம் இமாம்கள் எண்ணின் வாயிலில் வந்து நின்று, அறிந்தே உள்ளே செல்லாதிருந்தனர். முதவாதிர் செய்திக்கு எத்தனை அறிவிப்பாளர் வேண்டும் என்னும் விவாதத்தில் சிலர் 12 என்றும், சிலர் 40 என்றும், சிலர் 70 என்றும் கூறியிருக்க, இமாம் கஸ்ஸாலி (ரஹ்) போன்றோர் குறிப்பிட்ட எண் எதுவும் இல்லை, உறுதி பிறக்கும்போது எண்ணிக்கை நிறைவுற்றது என அறிகிறோம் என்றனர். இது எண்ணைப் பற்றிய அறியாமையன்று. எண் எதற்குச் சாட்சி என்னும் எச்சரிக்கை.

இருபதாம் நூற்றாண்டில் எண் உள்ளே சென்றுவிட்டது. 1959 இல் லெட்லி, லஸ்டட் என்னும் இரு அமெரிக்கர்கள் மருத்துவரின் சிந்தனையைத் தருக்கமாகவும் பேய்ஸின் கணக்காகவும் எழுதிக் காட்டினர். பாகூவில் பிறந்து தெஹ்ரானில் பயின்ற லுத்ஃபி ஸாதே (1921-2017) அமெரிக்கா சென்று, ‘காய்ச்சல் மிகுதி’ போன்ற தெளிவற்ற சொற்களுக்குச் சுழிக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட தரங்களைத் தரும் கணிதத்தை 1965 இல் வெளியிட்டார்; வியன்னாவில் அதைக்கொண்டு நோயறியும் கணினி முறையொன்று உருவாயிற்று. தரஜா என்னும் பழஞ்சொல் வேறு உடையில் திரும்பிவந்தது போலும்!

இவற்றுள் நாம் நின்று நோக்க வேண்டியது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டி டோம்பல் என்னும் அறுவை மருத்துவர் செய்தது. கடும் வயிற்றுவலியுடன் வந்த 304 நோயாளிகளின் அறிகுறிகளைக் கணினிக்குத் தந்து, முன்பு எண்ணி வைத்திருந்த நோயாளிகளின் எண்ணிக்கையைக் கொண்டு பேய்ஸின் கணக்கைச் செய்ய வைத்தார். 1972 இல் வெளியான முடிவின்படி கணினி நூற்றுக்கு 91.8 அளவு சரியாகச் சொன்னது. குழுவின் மூத்த மருத்துவர் 79.6. இதே எண்ணிக்கைகளை டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகருக்குக் கொண்டுசென்று 1976 இல் பயன்படுத்தியபோதோ திறன் வீழ்ந்தது. கணக்கு அதுவே, ஊர் வேறு, நோயாளிகள் வேறு, வலியைச் சொல்லும் முறையும் வேறு. அண்மையில் 2021 இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் இதே கதைதான். குருதியில் தொற்றுப் பரவுவதை முன்னறிந்து கூறும் கணினி முறையொன்று, அங்கே அந்நோயுற்றவர்களில் மூன்றில் இரு பங்கினரைத் தவறவிட்டது தெரியவந்தது. ஜாலீனூஸ் மீதான ஐயங்களைத் தொகுத்த நூலில், பக்தாதிலும் ரய்யிலும் தாம் கண்ட நோயாளிகள் கிரேக்க நூல்கள் சொன்னபடி நடக்கவில்லை என்று ராஸீ முறையிட்டது நினைவுக்கு வருகிறது.

இவையெல்லாம் தொலைவான செய்திகள் என்று எண்ண வேண்டா. இக்கணிதம் நம் நோன்பு வரைக்கும் வந்துவிட்டது. நோயாளி நோன்பை விடுவதற்கான சலுகைக்கு, தீங்கு நேரும் என்னும் ளன்னு மிகைத்திருக்க வேண்டும். அது அறிகுறியாலோ முன் அனுபவத்தாலோ தேர்ந்த மருத்துவரின் சொல்லாலோ அறியப்படும் என்று ஃபுகஹாக்கள் எழுதியுள்ளனர். 2021 இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பும், நீரிழிவும் ரமளானும் குறித்த கூட்டணியும் இணைந்து வெளியிட்ட வழிகாட்டி இந்த ளன்னுக்கு மதிப்பெண் தந்திருக்கிறது. நோயின் வகை, ஆண்டுகள், சர்க்கரை அளவு, சிறுநீரக நிலை எனப் பலவற்றுக்கும் புள்ளியிட்டுக் கூட்டினால், 3 வரை குறைந்த இடர், 3.5 முதல் 6 வரை நடுத்தரம். 6க்கு மேல் மிகுந்த இடர். சர்க்கரை தாழ்வதைத் தாமே உணரமுடியாதவருக்கு அந்த ஒன்றுக்கே 6.5 புள்ளி. அவ்வழிகாட்டியில் எகிப்தின் முஃப்தியின் கருத்தும் இடம்பெற்றுள்ளது.

நாம் இதனை வரவேற்கிறோம். இடரை மறைத்து நோன்பு நோற்று மயங்கி விழுவோரும், சிறு நோயைப் பெரிதாக்கி நோன்பை விடுவோரும் நம் ஜமாஅத்துகளில் உண்டு. இருசாராரும் உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு பொது மொழி கிடைத்திருக்கிறது. எனினும் இந்த எண் ஓர் அமாராவேயன்றி ஹுக்மு அன்று. 6 பெற்றவருக்கும் 6.5 பெற்றவருக்கும் இடையே ஷரீஅத் கோடு கிழித்துவிட்டதாகக் கொள்வது, இரட்டிப்பை இயற்கையின் விதியாகக் கொண்ட கிந்தீயின் இடத்தில் நம்மை நிறுத்தும். இந்த 6.5 எங்கிருந்து வந்தது என்று இப்னு ருஷ்து கேட்டிருப்பார். எந்த ஊரில் எண்ணினீர்கள் என்று ராஸீ கேட்டிருப்பார். முன்னவருக்கு விடை உண்டு: முந்தைய ஆய்வுகளும் வல்லுநர்களின் ஒத்த கருத்தும் சேர்ந்து இட்ட புள்ளிகள் அவை. பின்னவருக்கான விடை, 2021க்குப் பின் பல நாடுகளில் நோன்பாளிகளை நேரில் பின்தொடர்ந்து நடத்தப்பட்ட ஆய்வுகளின் வழியே, ரமளானுக்கு ரமளான் சேர்ந்து வருகிறது.